தாஷ்கந்தில் நான் ஊற்றிய தேநீர்

2006ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு, புளத்கொகுபிட்டிய நகரிலிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் முச்சக்கர வண்டி ஏறினேன். பையில் இரண்டு சட்டை, இரவல் வாங்கிய ஒரு ஸ்வெட்டர், ஆறு தகர டப்பா நிறையத் தேயிலைத் தூள். நான் அங்கே டீ மேக்கர். கொழுந்து வாடுவதிலிருந்து தூள் பெட்டிக்குள் போவது வரை எல்லாம் என் பொறுப்பு. உருளை அறையில் கூலியாகச் சேர்ந்து, படிப்படியாக இந்த நாற்காலிக்கு வந்தவன். அதுவரை நான் பார்த்த மிகத் தூரமான ஊர் கதிர்காமம்.

இப்படிப்பட்டவன் உஸ்பெகிஸ்தானுக்கு ஏன் போகிறான் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். எங்கள் ஸ்டோர் மூன்று மாதமாக வாரத்தில் நான்கு நாள்தான் ஓடியது. வெள்ளி வந்தால் கொழுந்து லொறி கிளம்பாது. எழுபது பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கொழும்பில் நடந்த ஒரு கண்காட்சியில் தாஷ்கந்து வியாபாரி ஒருவர் எங்கள் தூளைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறார். மாதாமாதம் வாங்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைச் செய்த ஆளைப் பார்க்க வேண்டும், அவன் கையால் ஒரு தேநீர் குடிக்க வேண்டும் என்றாராம். அதனால் முதலாளி போகவில்லை, நான் போனேன்.

"மேக்கர், சாதா ஹோட்டலாப் பாத்துத் தங்குங்க. அந்தாளு ஒங்க கையத்தான் பாக்கணும்னாரு, ஹோட்டலப் பாக்கணும்னு சொல்லல" என்றார் முதலாளி.

என் மனைவி செல்வமணி, சல்லடை அறையில் வேலை செய்கிறவள். மேக்கர் பெண்டாட்டி ஆன பிறகும் அந்த வேலையை விடமாட்டேன் என்று நிற்பவள். அவள் வண்டிக்குள் தலையை நீட்டி, "வந்தவுகளுக்குத் தேத்தண்ணி ஊத்தறப்ப கையச் சுருக்காதீங்க. தாராளமா ஊத்துங்க" என்றாள். தலையாட்டினேன்.

கேகாலைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையம். சோதனை செய்த அதிகாரி ஆறு டப்பாவையும் திறக்கச் சொன்னார். கறுப்புத் தூளைக் கண்டதும் முகம் இறுகியது. தேயிலைதான் மாத்தயா, மோந்து பாருங்க என்று சிங்களத்தில் சொன்னேன். மோந்து பார்த்தார். ஒன்றொன்றாக நான்கு டப்பாவை மோந்து மூடிவிட்டு, ஐந்தாவதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நல்ல மூக்கு அவருக்கு. அதுதான் இருப்பதில் உயர்ந்த ரகம்.

திங்கள், முற்பகல். டெல்லியில் விமானம் மாறி, மூன்று மணி நேரம் பறந்து தாஷ்கந்தில் இறங்கினேன். கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளினால் போதும். குளிர் பல்லைக் கிட்டவைக்கும் என்று பயந்து ஸ்வெட்டரை விமானத்திலேயே மாட்டியிருந்தேன். வெளியே இளவெயில். சாலை இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளாகி நின்றன. வாடகைக் கார் 5,000 சும். டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1,200 சும் என்பதால் இது கொள்ளை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஹோட்டல் சோர்சு சந்தைக்குப் பக்கத்தில், ஏழு மாடி சிமெந்துக் கட்டடம். சோவியத் காலத்தில் கட்டியது. ஒரு நாளைக்குப் பதினாறு டொலர், காலைச் சாப்பாட்டோடு. லிஃப்ட் ஐந்தாம் மாடி வரை ஒழுங்காகப் போகும். ஆறில் நின்று யோசிக்கும். என் அறை ஏழில். சாவியோடு உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு மரக் குண்டு தொங்கியது. மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகவே முடியாது. அறையில் ஒடுக்கமான கட்டில், செம்மஞ்சள் போர்வை, சூடு தரும் இரும்புக் குழாய். குளியலறையில் நீண்ட கழுத்துள்ள ஒரே குழாய்தான். இந்தப் பக்கம் திருப்பினால் முகம் கழுவும் தொட்டி, அந்தப் பக்கம் திருப்பினால் குளிக்கும் தொட்டி. இவ்வளவு சிக்கனமான புத்தியை நான் எங்கும் கண்டதில்லை, மெச்சிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் சந்தையின் பெரிய நீலக் கூரை. அந்த அறை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

இந்த ஹோட்டலில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு அம்மா காவல். தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து சாவி கொடுப்பார், வாங்குவார், யார் எப்போது வந்தார்கள் என்று பார்ப்பார். ஒரு நாள் முழுக்க வேலை, அடுத்த இரண்டு நாள் ஓய்வு. அன்றைக்கு இருந்தவர் சுல்ஃபியா. அங்கே அக்காவை ஓபா என்கிறார்கள். அதனால் சுல்ஃபியா ஓபா. அறுபது வயதிருக்கும். பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டன.

"வாருங்கள், தேநீர் குடியுங்கள்" என்று மேசைக்கு அழைத்தார். பூப்போட்ட பீங்கான் கேத்தல். பியாலா என்று சொல்கிற, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். அதில் தேநீரை ஊற்றி, திரும்பக் கேத்தலிலேயே கொட்டினார். மூன்று முறை இப்படி. பிறகு என் பியாலாவில் ஊற்றினார் பாருங்கள், அடிப்பக்கம் நனைகிற அளவுக்கு, இரண்டு மடக்கு! கடல் தாண்டி வந்தவனுக்கு இரண்டு மடக்கா என்று எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கம் பிச்சை கேட்டு வந்தவருக்குக்கூட டம்ளர் நிறையக் கொடுப்போம். பென்ஷன் போதவில்லை போலும், பாவம் என்று நினைத்து, அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று கேத்தலை நானே எடுத்து என் பியாலாவை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டேன். ஓபா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "களைப்பாக இருக்கிறீர்கள். போய்த் தூங்குங்கள்" என்றார்.

செவ்வாய், காலை பதினொரு மணி. வியாபாரி ருஸ்தம் ஹோட்டலுக்கே வந்தார். நரைத்த மீசை, தலையில் சதுரக் குல்லா, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து வணக்கம். ருஸ்தம் அகா என்று கூப்பிடச் சொன்னார்; அகா என்றால் அண்ணன். கொழும்புக்குப் போய்வந்து பழகிய ஆங்கிலம் அவருக்கு. மேசையில் அன்றைக்கு வேறொரு அம்மா. ஏழாம் மாடிக் கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டு, அந்த அம்மாவிடம் கேத்தலும் பியாலாவும் இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

தூளைத் தட்டில் பரப்பினார். கம்பியாக முறுக்கேறிய இலை. விரலால் புரட்டி, முகர்ந்து, தலையசைத்தார். நான் தண்ணீர் கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். எடை போட்டேன், ஐந்து நிமிடம் கடிகாரம் பார்த்தேன். இருபத்தைந்து வருட வேலை அந்தக் கேத்தலுக்குள் இருந்தது. எழுபது பேரின் வெள்ளிக்கிழமையும் இருந்தது. மரியாதையெல்லாம் சேர்த்து, ஒரு சொட்டுக் கூடினால் வழியும் என்னும் அளவுக்கு ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

ருஸ்தம் அகா பியாலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரல் சுட, கவனமாகத் தூக்கி இரண்டு வாய் குடித்தார். "நல்ல தேயிலை" என்றார். கீழே வைத்தார், எழுந்தார், நெஞ்சில் கைவைத்தார், லிஃப்டுக்குப் போய்விட்டார். வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. விலை கேட்கவில்லை, எவ்வளவு தரமுடியும் என்று கேட்கவில்லை. ஆவி பறக்க நிறைந்து நின்றது பியாலா.

மனிதர் ஒப்புக்கு நல்ல தேயிலை என்றிருக்கிறார், தூளில் ஏதோ கோளாறு என்றுதான் என் புத்தி போனது. வேறு எதையும் நினைக்கத் தெரியவில்லை.

புதன். காலைச் சாப்பாட்டுக்கு வட்ட ரொட்டி, அவித்த முட்டை, செரிப்பழ ஜாம். எதுவும் இறங்கவில்லை. மேக்கருக்கு முதலில் வரும் சந்தேகம் தண்ணீர். இந்த ஊர்த் தண்ணீர் கனமானது. தேநீரின் மேல் மெல்லிய ஆடை படியும். சந்தைக்குப் போய் மூன்று வகைப் போத்தல் தண்ணீர் வாங்கினேன், ஒன்று 400 சும். சந்தையில் மலை மலையாக முலாம்பழம். விற்கிறவர்கள் கீறிய துண்டைக் கத்தி நுனியிலேயே நீட்டுகிறார்கள். தேன். அந்தக் கவலையிலும் மூன்று துண்டு சாப்பிட்டேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

அறைக்கு வந்து மூன்று தண்ணீரிலும் ஆறு டப்பாவையும் போட்டுச் சுவைத்தேன். பதினெட்டுக் கோப்பை. கருகல் இல்லை, புளிப்பு இல்லை, புகை இல்லை. என் வாழ்நாளில் அதைவிட நன்றாகச் செய்ததில்லை. இவ்வளவு நல்ல தூளும் போகாது என்றால் ஊருக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பது? வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க இரண்டு முறை படியிறங்கினேன், இரண்டு முறையும் திரும்பிவிட்டேன்.

வியாழன், காலை ஒன்பது மணி. சுல்ஃபியா ஓபா மறுபடி வேலைக்கு வந்தார். அன்று மாலை எனக்கு விமானம். சாவியை வாங்கியவர் என் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்றார். அழுகை வராத குறையாகச் சொன்னேன்.

"எப்படி ஊற்றினீர்கள்? செய்து காட்டுங்கள்" என்றார்.

அவருடைய கேத்தலை எடுத்து, அவருடைய பியாலாவில், விளிம்பு வரை ஊற்றிக் காட்டினேன். ஓபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ என் தம்பி! நீங்கள் அந்த மனிதரை எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்தது. அந்த ஊரில் விருந்தாளிக்குக் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். குடித்ததும் மறுபடி, மறுபடியும். தேநீர் ஆறக்கூடாது, வீட்டுக்காரர் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. அதுதான் அங்கே மரியாதை. நிறைய ஊற்றி வைத்தால், இதைக் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். திங்களன்று நான் என் பியாலாவையே நிரப்பிக்கொண்டதும், இவனுக்கு என்னோடு உட்காரப் பிடிக்கவில்லை என்றுதான் ஓபா தூங்க அனுப்பியிருக்கிறார். அவரையா நான் கருமி என்று நினைத்தேன்! வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

மேசைத் தொலைபேசியில் ருஸ்தம் அகாவைப் பிடித்து உஸ்பெக்கில் பேசினார். அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. "இரண்டு மணிக்குக் கடைக்கு வரச் சொல்கிறார். அதே தேயிலையோடு."

பகல் இரண்டு மணி. கடை சந்தையின் மேற்கு ஓரத்தில், மசாலா வரிசைக்குப் பின்னால். பாய் விரித்த மேடையில் உட்கார்ந்தோம். இந்த முறை இரண்டு மடக்கு ஊற்றினேன். என் கைக்கு அது பெரிய கஷ்டம். கேத்தல் தானாகச் சாய்கிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வலது கையால் நீட்டினேன். குடித்துவிட்டுப் பியாலாவை என் பக்கம் நகர்த்தினார். ஊற்றினேன். நகர்த்தினார். இடையில் மழைக் காலத்தில் கொழுந்தை எத்தனை மணி நேரம் வாட்டுவீர்கள், எந்தச் சூட்டில் காய வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காவது பியாலாவில் என் கூச்சம் போயிற்று. ஏழாவதில் உருளை அறையில் என் விரல் நசுங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை இரண்டு வாயிலேயே தேயிலையைத் தெரிந்துகொண்டேன்" என்றார் ருஸ்தம் அகா. "ஆனால் இவ்வளவு அவசரமாக அனுப்புகிறாரே, என்னைவிடப் பெரிய ஆள் யாரோ கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாள் மனது சரியில்லை."

எனக்கும்தான் என்றேன். பத்தாவது பியாலாவுக்குப் பிறகு எண்ணவில்லை. ஒரு வருடத்துக்கு, மாதம் எட்டு டன். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மாலை நான்கு மணி. ஹோட்டலில் கணக்கு முடித்தேன். வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கினார் என்று விமான நிலையத்தில் காட்டும் முத்திரைச் சீட்டை ஓபா பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, தொலைந்தால் வம்பு என்று இரண்டு முறை சொன்னார். பையில் ஒரு போத்தல் செரி ஜாமையும் திணித்தார். மிச்சமிருந்த இரண்டு டப்பாத் தூளை அவர் மேசையில் வைத்தேன். லிஃப்ட் வாசல் வரை வந்து, அது ஆறாம் மாடியில் நின்று யோசித்து முடிக்கும் வரை கையாட்டிக்கொண்டு நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை, கதவு மூடிவிட்டது. பதினாறு டொலருக்கு இப்படி ஓர் அக்கா எங்கள் கொழும்பில் எந்த ஹோட்டலில் கிடைப்பார்?

விமான நிலையம் போகும் வழியில் தபால் நிலையத்தில் காரை நிறுத்தினேன். ஊருக்குப் பேச நிமிடத்துக்கு 1,500 சும். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ஸ்டோர் எண்ணைச் சுழற்றினேன். முதலாளிதான் எடுத்தார். சொன்னேன்.

"மேக்கர், இன்னொருக்காச் சொல்லுங்க."

"மாசம் எட்டு டன்னுங்க முதலாளி. ஒரு வருஷத்துக்கு."

மேசையில் ஏதோ விழுந்தது. யாரையோ கூப்பிட்டார். சற்றுப் பொறுத்து மூச்சு வாங்கும் சத்தம், செல்வமணி.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"முதலாளி கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கறாருங்க. ஏங்க, அப்ப நாளைக்குக் கொழுந்து லொறி போகுமா?"

"போகும்."

"நெசமாவா? நாளைக்கு வெள்ளிக்கெழமங்க."

"வெள்ளிக்கிழமதான். போகும்."

"இருங்க, பொம்பளைக எறங்கிப் போறாங்க, லயத்து வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிட்டு வந்துர்றேன்."

தொலைபேசியை வைக்காமலே ஓடிவிட்டாள். மரப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வெளியே அவள் குரல், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. பின்னால் ஒரே கூச்சல், யாரோ விசில் அடித்தார்கள். கூண்டுக்கு வெளியே கடிகார முள் நகர்ந்துகொண்டிருந்தது, கார்க்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். நான் வைக்கவில்லை.