மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள்

அப்பாடா!

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்குத்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. அதற்கு முந்தின நாற்பது மணி நேரம் நான் பட்ட பாடு இருக்கிறதே... விரோதிக்கும் வேண்டாம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். பெண், எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடும் எஸ்தர். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாக நான் அந்தக் குழுவில் சுருதி சேராமல் நின்றதே அவளுக்காகத்தான். அதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று, அவ்வளவுதான்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு 'ஓலை' வாசிப்பார்கள். பேர்தான் ஓலை, இருப்பது காகிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று பாஸ்டர் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்பது மாப்பிள்ளையாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் நான் எங்கே இருந்தேன் தெரியுமா?

பெங்களூரில். நூற்றைம்பது கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே, கழுத்து கழன்று விழுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு!

கருப்பசாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சுழிப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிற வீட்டுப் பிள்ளை. என் வயசு. அருப்புக்கோட்டையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். கடைக்கு முன்னால் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. கடைக்குப் பின்னால் வேறு பாட்டு. பெங்களூரில் இருக்கும் ஒரு பேனா நண்பர் அவனுக்குத் தபாலில் கேசட் அனுப்புவார். டெத் மெட்டல் என்று பெயர். தலைதெறிக்கிற வேகத்தில் டிரம்ஸ், மரம் அறுக்கிற மாதிரி கிடார். பாடுகிறவர் பாடவே மாட்டார், அடிவயிற்றிலிருந்து உறுமுவார். ரேடியோவில் வராது. டி.வி.யில் வராது. கடையில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு கணக்கு வாத்தியாருக்கு இது எப்படிப் பிடித்தது என்கிறீர்களா? நான் வளர்ந்த தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. அந்தத் தடதடப்பு நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். கருப்பசாமி முதல் கேசட்டைப் போட்டபோது, "அட, நம்ம தெரு!" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேர். தாலுகாவிலேயே இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்.

இந்த மாதம் பிறந்ததும் தபாலில் ஒரு ஜெராக்ஸ் காகிதம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி, மூன்று குழுக்கள், ஒரு மாடி ஹால். போஸ்டர் கிடையாது, விளம்பரம் கிடையாது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லி நடக்கிற கச்சேரி.

"ஏலே, போறோம்," என்றான் கருப்பசாமி.

"மறுநாளு எனக்கு மூணாவது ஓலைடா."

"ஓலை காலையிலதான? சனிக்கெழமை சாயங்காலம் பஸ்ஸு ஏறுனா விடியும்போது மதுரை. கேசட்டுல கேட்டுக்கேட்டு நாடாவே தேஞ்சு போச்சு. ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துருவோம்லே."

எனக்கும் ஆசைதான். யாரை ஏமாற்றுவது?

பதில் — எஸ்தரை. சனிக்கிழமை கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு வருவீர்களா என்று கேட்டாள். வாய் தன்பாட்டுக்குச் சொன்னது: "மதுரையில வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி இருக்கு." சொன்ன வேகத்தில் எனக்கே ஆச்சரியம். அவள் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் இரண்டாவது கேள்வி கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மனிதனுக்கு இப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினோம். கருப்பசாமிக்குத் தோள் வரை முடி, மூன்று மாதத் தாடி. எனக்கு ஒரு வாரத் தாடி. இரண்டு பேருக்கும் கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட். அங்கே எல்லாரும் கறுப்புதான் போடுவார்கள், வெள்ளையில் போனால் கேவலம் என்று அவன் சொல்லியிருந்தான்.

இது எந்த மாதம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கார்த்திகை! எங்கள் பக்கம் கார்த்திகையில் தாடியும் கறுப்புச் சட்டையும் என்றால் ஒரே அர்த்தம்தான். ஐயப்பனுக்கு மாலை போட்டவர். பஸ்ஸில் ஏற்கெனவே அப்படி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஓர் அம்மா இரண்டு வாழைப்பழம் நீட்டினார். வேண்டாம் என்றால் மனம் நோகும், வாங்கினால் பாவம். கருப்பசாமி வாங்கிவிட்டான். அவன் சட்டையில் ஒரு மெட்டல் குழுவின் பெயர், கருவேல முள்ளை அள்ளிப் போட்ட மாதிரி எழுத்தில் இருந்தது. பக்கத்துப் பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மலையாளமா சாமி?"

"ஆமா சாமி," என்றான் பாவி.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பஸ் பாளையம்பட்டியில் நின்றிருந்தது. கடை வாசலில், கையில் காய்கறிப் பையோடு, எஸ்தருடைய அப்பா.

நேருக்கு நேர் பார்த்தார். கையைத் தூக்கப் போனார். என் கறுப்புச் சட்டையைப் பார்த்தார். சுற்றியிருந்த மாலைகளைப் பார்த்தார். அதே நேரத்தில் பஸ்ஸே அதிரும்படி "சாமியே..." என்று ஒரு குரல் கிளம்ப, அத்தனை பேரும் "சரணம் ஐயப்பா!" என்றார்கள். மாமாவின் கை பாதியில் நின்றது. பஸ் கிளம்பிவிட்டது.

குதித்து இறங்கியிருக்கலாமே என்பீர்கள். இறங்கி என்ன சொல்வது? 'மாமா, நீங்கள் நினைக்கிற மாதிரி நான் மதம் மாறவில்லை, நரகத்தைப் பற்றி உறுமுகிறவர்களைப் பார்க்கத்தான் போகிறேன்' என்றா? சபைக் கமிட்டியில் இருக்கிற மனிதர். எது மேல் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்ததும் அவர் எழுந்து நிற்பது என் கண்ணுக்கு அப்போதே தெரிந்தது. எஸ்தரை இழக்கப் போகிறேன் என்று தோன்றிவிட்டது. பெங்களூர் வரை கண்ணை மூடவில்லை.

கச்சேரி எப்படி? ஐயோ, அதைக் கேட்காதீர்கள்... கேளுங்கள்! முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. கேசட்டில் கேட்டதெல்லாம் அதன் நிழல்தான். முன்வரிசையில் ஒருத்தரையொருத்தர் மோதிக்கொள்கிறார்கள், ஒருவன் விழுந்தால் பத்துக் கை நீண்டு தூக்கிவிடுகிறது. இரண்டாவது குழு வாசிக்கும்போது கரண்ட் போனது. கிடார் செத்துவிட்டது. டிரம்ஸ்காரர் நிறுத்தவில்லை. கரண்ட் வரும்வரை அந்த ஒற்றை டிரம்ஸுக்கு நூற்றைம்பது பேரும் தொண்டையாலேயே கிடார் வாசித்தோம். நானும்தான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன் — அந்த மூன்று மணி நேரம் மாமாவும் ஞாபகம் இல்லை, ஓலையும் ஞாபகம் இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் பஸ்ஸில் எல்லாம் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. குரல் சுத்தமாக இல்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று.

ஞாயிறு காலை கருப்பசாமியின் கடையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கோயிலுக்குள் நுழையும்போது ஆராதனை ஆரம்பித்துவிட்டது. எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எஸ்தர் முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்க முன்வரிசையில் மாமா நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார். பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை, வெள்ளிக்கெழமை எங்க போனீக?"

வாயைத் திறந்தேன். காற்று.

"மாலை போட்டிருக்கீகளா?"

இல்லை என்று தலையை ஆட்ட வேண்டும். கழுத்து மறுத்துவிட்டது. நட்டுவைத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"பேசவும் மாட்டேங்கிறீக, தலையும் ஆட்ட மாட்டேங்கிறீக... மௌன விரதமா?" மாமா புத்தகத்தை இறக்கிவிட்டார். "எங்க பிள்ளை வாழ்க்கை மாப்பிள்ளை இது. இன்னும் கொஞ்ச நேரத்துல ஓலை வாசிச்சுருவாக. ஒரு வார்த்தை சொல்லுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அன்றைய பாட்டுத்தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. 'மதுரையில் பயிற்சி' என்று எழுத இரண்டு வினாடி போதும். 'சட்டை நண்பனுடையது' என்று ஒரு வரி சேர்த்தால் கதை முடிந்தது. பேனா அதைத்தான் எழுதப் போனது. கடைக்கண்ணால் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

எழுதினேன்: 'மாலை போடவில்லை. பயிற்சியும் இல்லை, பொய் சொன்னேன். பெங்களூரில் ஒரு கச்சேரி கேட்கப் போனேன். கண்டபடி கத்துகிற பாட்டு. எனக்குப் பிடிக்கும். சொன்னால் வேண்டாம் என்பீர்கள் என்று பயம். கத்தியதில் குரல் போய்விட்டது.'

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"பாட்டா?"

கண்ணை மூடித் திறந்தேன்.

"வெறும் பாட்டுதானா? ஸ்தோத்திரம்!" என்று பெருமூச்சு விட்டார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். தாளை நாலாக மடித்து, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த எஸ்தரிடம் நீட்டினார்.

அவள் பிரித்த நேரம், பாஸ்டர் ஓலையை எடுத்தார். என் பெயர். அவள் பெயர். மூன்றாம் முறை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்...

யாரோ இருமினார்கள். ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. எனக்குத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லையே! மாமா என் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எழவில்லை, அது போதும் என்று இருந்தது. பாஸ்டர் காகிதத்தை மடித்துவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். மணி பத்தேகால். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழுத்துவலி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் எஸ்தர் வந்தாள். அந்தத் தாள் கையில் இருந்தது.

"பயிற்சியே கெடையாதுன்னு உங்க ஹெட்மாஸ்டர் வீட்டம்மா நேத்தே சொல்லிட்டாங்க," என்றாள். "நீங்க மலைக்குப் போனீங்களா, பெங்களூர் போனீங்களாங்கிறது அப்பாவோட கவலை. எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்கங்கிறதுதான் என் கவலை. இது மட்டும் கைக்கு வரலைன்னா, ஓலை வாசிச்சதும் நானே எந்திரிச்சிருப்பேன்."

இரண்டு நாளாக நான் மாமாவுக்குப் பயந்தேன், பாஸ்டருக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன். பாஸ்டர் கேட்கிற அந்தக் கேள்வி எஸ்தருக்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம்மில் எத்தனை மாப்பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கும்?

இதைப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாள்:

"'எந்திரிச்சிருப்பேன்'னு போடாதீங்க. பாதி எந்திரிச்சிட்டேன்."