தால்ரே சூடாக்கிய நாற்பத்திரண்டு படிகள்

மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்ற முதல் தேர்தலில் தால்ரே பதினோரு ஓட்டில் தோற்றுப்போனாள். தென்கொரியாவின் சுன்சோன் நகரத்துக் குன்றின் மேலிருந்த பொறியியல் கல்லூரியில் நடந்த தேர்தல் அது. ஜெயித்தவன் வகுப்புத் தோழன் போன்ஜே.

"அடுத்த வருஷம் நீயே எனக்கு ஓட்டுப் போடுவே, பாரு."

"கனவுல போடறேன், போ" என்றான் அவன்.

அந்தக் குளிர்காலத்தில் வகுப்புகளுக்கு ஏறும் கல்படிகளில் ஒன்பது பேர் வழுக்கி விழுந்தார்கள். ஒருவனுக்குத் தேர்வுக்கு முந்தின நாள் மணிக்கட்டு முறிந்தது. தால்ரே படிகளையே சுற்றிச்சுற்றி வந்தாள். பக்கத்து இயந்திரக் கூடத்திலிருந்து வெந்நீர் ஆவி பறக்கச் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'இவ்வளவு சூடும் வீணாப் போகுதே!'

மறு தேர்தலில் அவள் துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை. அடியில் வெந்நீர் ஓடும் குழாய் பதித்த ஒற்றைக் கல்படியைத் தள்ளுவண்டியில் வைத்து, அதன் மேல் ஐஸ் கட்டியை உருகவிட்டபடி வளாகமெல்லாம் உருட்டிப்போனாள். அமோக வெற்றி. போன்ஜேயும் அவளுக்குத்தான் போட்டான். ஒரு வாரம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டான்.

கட்டடப் பராமரிப்பு அதிகாரி ப்யோ மட்டும் மசியவில்லை.

"குழாய் வெடிச்சா யாரும்மா பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"நீ பட்டம் வாங்கிட்டுப் போயிடுவே. நான்ல இங்க கெடக்கணும்!"

அது அவளுக்குச் சுருக்கென்றது. தான் போன பிறகும் பார்த்துக்கொள்ள முதலாண்டு மாணவர்களையும் சேர்த்து இருபத்திமூன்று பேர் கொண்ட குழு அமைத்தாள். ஆயிரத்து முந்நூறு கையெழுத்தோடு திரும்பிப் போனபோது, ஆறு படிகளுக்கு அனுமதி கிடைத்தது.

குழாய் பதித்த பிறகு இயந்திரக் கூடம் மூடியிருந்த முதல் ஞாயிறன்றே, ஓட்டம் நின்ற நீர் குழாய்க்குள் உறைந்து இணைப்பைப் பிளந்தது. திங்கள் காலை வெந்நீர் திறந்ததும் படிகளெங்கும் கசிந்து கண்ணாடியாய் இறுகிவிட்டது.

"தலைவி சறுக்கு மைதானம் தொறந்துட்டாங்கடோய்!"

வளாகமே சிரித்தது. தால்ரே அழவில்லை என்று சொன்னால் பொய். கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு வந்து, 'தவறு என்னுடையது' என்று தன் பெயர் போட்டு அறிவிப்பு ஒட்டினாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். பக்கத்தில் இன்னொரு மண்வெட்டி பனிக்கட்டியைக் கொத்தும் சத்தம் கேட்டது. போன்ஜே.

"சும்மா நிக்காத, மணலத் தூவு" என்றான்.

இரண்டாம் முறை, ஓட்டம் நின்றால் நீர் தானாக வடிந்துவிடும்படி குழாய்களைச் சரிவாகப் பதித்தார்கள். மூன்று ஞாயிறுகள் கடந்தும் கசியவில்லை. ஜனவரிக்குள் நாற்பத்திரண்டு படிகளும் முடிந்தன. தால்ரே எழுதிய பராமரிப்புக் கையேட்டைப் ப்யோ வரி விடாமல் படித்து, இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

பிப்ரவரியில் பட்டமளிப்பு. கல்லூரித் தலைவரின் சிறப்பு விருதை வாங்கிக்கொண்டு, பட்டதாரிகள் சார்பில் பேசப் போன தால்ரே, குழுவினர் இருபத்திமூன்று பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். முதலாண்டுப் பையன்கள் விசிலடித்தே அரங்கத்தைக் கிழித்தார்கள்.

விழா முடிந்து எல்லோரும் பட்டமளிப்பு நாள் வழக்கப்படி கறுப்புக் குழம்பு நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். சொக்சோ துறைமுகத்தில் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் தால்ரேயின் அப்பா, அவளுக்காக வாங்கி வந்த பூங்கொத்தை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

"ஊருல உள்ளவன் பேரெல்லாம் சொன்னே. உன் பேரச் சொல்லலியேம்மா?"

"அதான் பட்டத்துலயே அச்சடிச்சிருக்காங்களேப்பா!"

"அது சரி" என்று அவர் பட்டத்தை உறையிலிருந்து எடுத்தார். பக்கத்து மேசைக்காரர்களிடம் வலியப் போய், அந்தப் பெயரை உரக்கப் படித்துக் காட்டினார்.

"அப்பா, உக்காருங்கப்பா!"

போன்ஜே வாய் நிறைய நூடுல்ஸோடு கைதட்டினான்.