கிராக் வேண்டாம் என்ற அமலா

அமலா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தான். "அக்கா பூடுச்சிக்கா..."

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ 'அமைதியான பெண்' என்று எழுதியிருக்கிறார்கள். இல்லைங்க. எங்கள் அமலா, அமலோற்பவ மேரி, ஒருநாளும் அமைதியாக இருந்ததில்லை. தெரியாமல் எழுதாதீர்கள்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் நிலத்தடி நீர் ப்ராஜெக்டில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் கிளியனூர்க்காரி. எனக்குப் பக்கத்து நாற்காலி.

மரக்காணம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இறால் பண்ணை, அதையும் பெரிதாக்கப் போகிறார்கள். நாங்கள் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து அளந்தோம். ஆனால் வெறும் எண்களை நீட்டினால் யார் பார்ப்பார்கள்? படமாகக் காட்டியாக வேண்டும்.

நல்ல சாஃப்ட்வேர் வாங்க ப்ராஜெக்டில் வழியில்லை. துறைத் தலைவர் ஒரு பென் டிரைவை நீட்டினார். "கிராக் வெர்ஷன் இருக்குதும்மா. எல்லாரும் அதத்தான் போடறாங்க."

அமலா கையை நீட்டவே இல்லை. "வேணாங்க சார். திருட்டு சாஃப்ட்வேர்ல படம் போட்டு எடுத்துக்கினு போனா, பண்ணைக்காரங்க மொதல்ல நம்மளத்தான் திருடின்னுவாங்க."

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் ஏற்றினாள். இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்று கோடு மட்டும்தான் போட்டது. இன்னொன்றுக்குப் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டும். கடைசியில் பாராவியூ. தரைக்குக் கீழே எந்த ஆழத்தில் எவ்வளவு உப்பு என்று முப்பரிமாணப் படமாக எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டும்.

இன்ஸ்டால் ஆனது. திறந்தால்... ஜன்னல் முழுக்கக் கருப்பு.

நான் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்தாள். "கருப்பா இருந்தா இன்னாடி? நாம பாக்காத கருப்பா?"

கிராபிக்ஸ் கார்டு பழசு, அதுதான் கோளாறு. கார்டை விட்டுவிட்டு ப்ராசஸரையே வரையச் சொல்லும் வழியைத் தேடிப் பிடித்தாள். ஆமை வேகம்தான். ஆனாலும் படம் வந்தது. பண்ணை ஓரத்தில் ஆரம்பித்து குப்பத்துக் கிணறுகள் வரை ஒரே சிவப்பு, அத்தனையும் உப்பு.

பண்ணையைப் பெரிதாக்குவது பற்றித் திண்டிவனத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பண்ணை வக்கீல் கேட்டார். "ஓசி சாஃப்ட்வேர்ல போட்ட படத்த எப்படிம்மா நம்பறது?"

அமலா எழுந்தாள். "ஓசின்னாதாங்க நம்பலாம். எப்படிக் கணக்குப் போடுதுன்னு யார் வேணா தொறந்து பாக்கலாம். நீங்களும் எறக்கிப் போடுங்க, டேட்டா நான் தர்றேன். வேற படம் வந்தா இதே எடத்துல நின்னு மன்னிப்பு கேக்கறேன்."

அவர் டேட்டாவை வாங்கவில்லை.

பண்ணையைப் பெரிதாக்கும் திட்டம் நின்றது. பழைய பண்ணை அப்படியேதான் இருக்கிறது. குப்பத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறுகள் இன்னும் உப்புத்தான்.

பிறகு அவளுக்குக் கேன்சர். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது மடியில் லேப்டாப். ஸ்கேன் சிடியைக் கேட்டு வாங்கி, அதே பாராவியூவில் தன் கல்லீரலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இதெல்லாம்?" என்றேன். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"என் ஒடம்புடி. டாக்டர் மட்டுந்தான் பாக்கணுமா?" கட்டியை மவுஸால் இப்படியும் அப்படியும் திருப்பினாள். "பாரு, இத்தினிக்கூண்டு. இதுக்கா இவ்ளோ பேஜாரு பண்ணுது?"

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் கேள்வி மேல் கேள்வி. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார்.

நாளைக் காலை கிளியனூரில் அடக்கம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போடி அமலா... போற எடத்துலயும் கேள்வி கேட்டுக்கினே இரு.