ஸ்ரீரங்கத்துக் காய்க்காத பனை

1962, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி பாசஞ்சரில் திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பினேன். கக்கத்தில் குடை, கையில் ஒரு பிரம்புக் கூடை, கூடைக்குள் ஈரச் சாக்கு. திருச்சிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள், ரங்கநாதரைச் சேவிப்பார்கள். நான் போனது சைகஸ் மரத்தின் ஆண் கூம்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வர. இதற்கும் ஒரு பயணமா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். எங்கள் முதல் பட்டப்படிப்பு மாணவிகளுக்கு வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. பாசி, பெரணி, சைகஸ், பூக்கும் செடி என்று ஒவ்வொரு பெரும்பிரிவிலிருந்தும் ஒன்று மேசையில் இருக்கவேண்டும் என்று வெளியூர்ப் பரிசோதகர் கண்டிப்பாக எழுதிவிட்டார். எங்களிடம் ஃபார்மலினில் ஊறிய ஒரே ஒரு ஆண் கூம்பு இருந்தது. போன வாரம் ஆய்வுக்கூடத்தில் புகுந்த பூனை அந்தச் சீசாவைத் தள்ளி உடைத்ததில் கூம்பும் தூள்தூளாயிற்று. கல்லூரி வாசலில் நிற்கும் சைகஸோ பெண் மரம். கூம்பு இல்லையென்றால் அந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்யம்; நாலைந்து பெண்கள் ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஸ்ரீரங்கத்து மாணவி வனஜா வாயைத் திறந்தாள். "எங்க தெருவில ஒருத்தர் ஆத்துக் கொல்லையில பனை மாதிரி ஒரு மரம் இருக்கு டீச்சர். உச்சியில பெரிய அன்னாசிப்பழம் வச்சிருக்கு." சைகஸின் ஆண் கூம்பைத்தான் அப்படிச் சொன்னாள். என் பாடத்தைக் கவனித்த லட்சணம் அது!

திருச்சி சுமார் அறுபது மைல். மணப்பாறையில் முறுக்கு வாசனையோடு ஒரு விவசாயி ஏறி எதிரே உட்கார்ந்தார். மருங்காபுரிக்காரர்.

"கூடையில என்னங்க, மாம்பழமா?"

"இப்ப ஒண்ணுமில்லீங்க. திரும்பி வரும்போது ஒரு செடியோட கூம்பு இருக்கும்."

"செடிக்கா ரயில் ஏறி வர்றீங்க? எங்க ஊருக்கு வாங்க. கள்ளியும் கருவேலமும்தான். ஒரே நாள்ல படிச்சு முடிச்சிடலாம்" என்று சொல்லி, முறுக்கையும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு ஜங்ஷன். வாசலிலேயே ஸ்ரீரங்கம் பஸ்; டிக்கெட் இருபது நயா பைசா. காவேரியில் பாதி மணல், பாதி தண்ணீர். பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு. வாழையின் அடிமரம் என்று நாம் சொல்வது மரமே இல்லை. இலைகளின் அடிப்பாகம் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, குலை தள்ளும்போதுதான் நடுவே ஏறி வரும். அதைத்தான் பொரியல் செய்து சாப்பிடுகிறோம். பார்வையை நம்பிச் செடிக்குப் பெயர் வைத்தால் இப்படித்தான் ஏமாறவேண்டும்.

பத்தரை மணிக்கு, வனஜா சொன்ன சித்திரை வீதி வீட்டில் கதவைத் தட்டினேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு ஐயங்கார் திறந்தார். பின்னாலேயே அவர் மனைவி கோமளம் மாமி. விஷயத்தைச் சொன்னேன். கொல்லைக்கு அழைத்துப் போனார்கள்.

அடடா! ஆள் உயர மரம், உச்சியில் ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சும் பழுப்புமாகக் கூம்பு. அதைச் சுற்றி மஞ்சள் துணி, அதன்மேல் குங்குமம். சந்தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதேங்கோ!" என்றார் மாமி. "முதல் காய் பெருமாளுக்கு. அவர் திருவடியில வைக்கறதுக்கு முன்னால யாரும் கை வைக்கப்படாது. எங்காத்து வழக்கம்."

"எப்பப் பழுக்கும்னு உங்களுக்குத் தெரியுமோ?" என்று மாமா ஆவலாகக் கேட்டார். பொன்மலையில் ஒரு தோட்டத்திலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தாராம். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"காய்க்காத மரத்தை வச்சுண்டு என்ன பண்றேள்னு தெருவே கேட்டாச்சு" என்றார் மாமி. சற்றுக் கழித்து, "மரத்தை மட்டும் கேக்கலேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

காயென்று அவர்கள் காத்துவரும் கூம்பு இன்னும் நாலைந்து நாளில் தானாகவே வாடிச் சாய்ந்துவிடும். சொல்லாமல் திரும்பினால் என் பெண்களின் மார்க் போகும். 'பூச்சி பிடித்திருக்கிறது, வெட்டிவிடலாம்' என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். குங்குமம் வைத்த கூம்புக்கு எதிரே நின்று பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இது காய் இல்லீங்க மாமி. பனையும் இல்லை. தலை தென்னை மாதிரி இருந்தாலும் குருத்து பெரணி மாதிரி சுருண்டு வரும். இந்தச் சாதிக்குப் பூவும் கிடையாது, விதையை மூடுற பழமும் கிடையாது. விதை வெளியிலேயே திறந்து உட்கார்ந்திருக்கும். ஆண் தனி மரம், பெண் தனி மரம். இது ஆண். இது காய்க்காதுங்க."

மாமாவுக்கு முகம் சிவந்தது. "பன்னெண்டு வருஷம் நான் ஊத்தின தண்ணியெல்லாம் வீணா?"

என் கருப்புக் குடையைக் கூம்பின் கீழே விரித்துப் பிடித்து, மாமாவை மரத்தை லேசாக ஆட்டச் சொன்னேன். மஞ்சள் பொடி பொலபொலவென்று குடையில் விழுந்தது.

"இந்தக் கூம்பு முழுக்கச் செதில், ஒவ்வொரு செதிலுக்கு அடியிலும் பை பையா இந்த மகரந்தம். இது போய்ச் சேர்ந்தாத்தான் பெண் மரத்துல விதை பிடிக்கும்."

மாமி அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ மரத்துமேல குறை ஒண்ணும் இல்லையே?"

"ஒரு குறையும் இல்லீங்க மாமி."

"பெண் மரம் எங்கே இருக்கு?"

"எங்க காலேஜ் வாசல்ல. தனியா நிக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வருஷா வருஷம் அதன் வெற்றுச் செதில்களைப் பறித்து மாணவிகளுக்குப் பாடம் நடத்தினேனே தவிர, அதற்கு ஒரு துணை தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஏன்னா, அருவாளை எடுத்துண்டு வாங்கோ" என்றார் மாமி.

"பெருமாளுக்குன்னு வச்சதுடீ!"

"பெருமாளுக்குத்தான். கொஞ்சம் சுத்திண்டு போறது. டீச்சர், அங்கே காய்ச்சா முதல் காய் இங்கே வரணும்."

மாமா வெட்டிக் கொடுத்தார். பக்கத்தில் புதுக் குருத்து வரும், மரம் சாகாது என்று நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. தயிர்சாதம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள்; சாப்பிட்டேன். மஞ்சள் துணியோடு கூம்பைக் கூடையில் வைத்துச் சாயங்கால ரயில் ஏறினேன்.

புதன்கிழமை காலை ஆய்வுக்கூட ஸ்டூலைத் தூக்கிப்போய்ப் போட்டு ஏறி, கல்லூரி மரத்தின் செதில்களில் பொடியைத் தூவினேன். டீச்சருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஜன்னல் வழியே யாரோ சொன்னார்கள். மறுநாள் தேர்வில் யாரும் அன்னாசிப்பழம் என்று எழுதவில்லை. எல்லாரும் தேறினார்கள், வனஜா உள்பட.

அடுத்த தை மாதம் அதே பாசஞ்சர், அதே கூடை. உள்ளே கோழி முட்டை அளவில் செம்பழுப்பாக ஒரு விதை. எங்கள் ஊரில் ஆறும் இல்லை, தோப்பும் இல்லை. குடிதண்ணீருக்கே குடத்தோடு நிற்கிற ஊர். அங்கே விளைந்ததைக் காவேரி தாண்டி ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோகிறோமே என்று பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. தின்னக் கூடாது, விஷம் என்று சொல்லி மாமியிடம் கொடுத்தேன்.

மாமி வெள்ளித் தட்டில் துளசி பரப்பி விதையை வைத்தார். கோயிலுக்குக் குறுக்குச் சந்து இருக்கிறது. மாமி அதில் நுழையவில்லை. வெயிலில், வீதியின் நடுவில், மெதுவாக நடந்தார். மாமாவும் நானும் பின்னால்.

மூன்றாம் வீட்டு வாசலில் நின்ற அம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன கோமளம், தட்டில?"

"எங்காத்து மரம் காய்ச்சிருக்கு" என்றார் மாமி. "திண்டுக்கல்ல."