ஜமீலுன்னிசாவின் ஐந்து வீரர்கள்

"அப்டியே நில்லும்மா, கோட்டைல ஆள் பூந்துட்டான்" என்று டேப்பை அந்தப் பெண்ணின் தோளிலேயே தொங்கவிட்டுவிட்டு மேசைக்கு ஓடுகிறார் ஜமீலுன்னிசா. பாதி அளவெடுத்த பிளவுஸ்காரி சிலையாக நிற்கிறாள்.

சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் ஜமீலுன்னிசாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. துணி வெட்டும் மேசையில் ஐந்து செல்போன்கள். ஐந்திலும் ஒரே போர் விளையாட்டு; ஐந்து அக்கவுண்ட், ஐந்து வீரர்கள். மர ஸ்கேலில் திரையைத் தொடும் ஐந்து டச் பேனாக்களைக் கட்டிச் செம்புக் கம்பி சுற்றி வைத்திருக்கிறார். கம்பியைப் பிடித்து ஒரு அழுத்து, ஐந்து வாளும் சேர்ந்து இறங்கும். ஆறு வருஷமாக வளர்த்த கூட்டம். பெற்ற மகனை இவ்வளவு கவனித்து வளர்த்ததாகத் தெரியவில்லை.

மருமகள் ஜுவேரியா ஐ.டி.யில் வேலை பார்க்கிறாள். "இந்தக் கட்டை எதுக்கு மாமி? ஒரே லேப்டாப்ல அஞ்சையும் தொறந்து, சாஃப்ட்வேர் போட்டா முடிஞ்சுது."

"சாஃப்ட்வேர் போட்டா கேம் கம்பெனிக்காரன் புடிச்சிக்குவான். என் கட்டைய எவன் புடிப்பான்? நீ உன் வேலைய பாரு."

பிடித்துவிட்டான். போன சனிக்கிழமை நான் சட்டைக்குப் பித்தான் வைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். ஐந்து திரையிலும் ஒரே சமயத்தில் பரீட்சை வந்தது: நீ மனிதனா, இயந்திரமா? ஒரு நிமிஷத்துக்குள் சரியான படத்தைத் தொடாவிட்டால் அக்கவுண்ட் காலி. ஒவ்வொன்றிலும் வேறு வேறு படங்கள் என்பதால் ஸ்கேல் செல்லாக்காசாகிவிட்டது.

முதல் போன், ரோட்டைக் கடக்கும் கோடு எந்தப் படத்தில் என்று கேட்டது.

"நம்ம ரோட்ல கோடு எங்க கீது? போட்ட மறுநாளே அழிஞ்சு பூடுது!" என்று ஏதோ ஒரு மேம்பாலத்தைத் தொட்டார். ஒரு வீரன் போனான். அடுத்தது, தீயணைப்புக் குழாய். சிவப்பாக இருக்கிறதே என்று தபால் பெட்டியைத் தொட்டார். இரண்டாமவனும் போனான்.

லீவு நாளென்று கடையில் ஊக்குத் தைத்துக்கொண்டிருந்த ஜுவேரியா எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஊக்கை எடுத்தாள். இன்னும் மூன்று பேர், முப்பது வினாடி. மருமகளிடம் கேட்பதைவிட மூன்று பேரையும் சாகவிடலாம் என்பதுபோல் ஜமீலுன்னிசா உதட்டைக் கடித்தார்.

பிறகு எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த யாருடைய சுடிதாரையோ பார்த்துக்கொண்டே, தன் முக்காலியைக் காலால் மருமகள் பக்கம் தள்ளினார்.