பிடித்துக்கொள்ள இரண்டு பேர்

சுலோசனாவின் பொறுமை முழுக்க ஆம்புலன்ஸுக்குள்ளேயே செலவாகிவிடும். ஆந்திர எல்லையிலுள்ள புத்தூர்ப் பக்கத்து வண்டியில் அவள் இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர். டிரைவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஆக்சிஜன் வைப்பதும் ரத்தத்தை நிறுத்துவதும் அவள் வேலை. அங்கே அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. வண்டியை விட்டு இறங்கினால் காய்கறிக்காரரிலிருந்து கட்டிய கணவன் தணிகாசலம் வரை ஒருவரும் தப்ப முடியாது.

அவள் வயிற்றெரிச்சலை அதிகம் கொட்டிக்கொண்டவை பண்ணைக்குட்டைகள். மாந்தோப்புகளில் மழைத்தண்ணீரைத் தேக்க ஆழமாக வெட்டி, கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்களே, அவைதான். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். விழுந்தவனுக்குத்தான் தெரியும் சேதி. சரிவெல்லாம் பாசி, பிடிக்க ஒரு புல் கிடையாது, நீச்சல்காரனும் மேலே ஏற முடியாது. ஒருவன் விழ, அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதிக்க, அவனுக்காக வேறொருவன் குதிக்க, வண்டி எவ்வளவு பறந்து போனாலும் கரையில் அழுகைதான் மிச்சமிருக்கும். அப்படிப்பட்ட கரைகளில் நின்று நின்று சலித்துத்தான், லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லித்தரக் கிளம்பினாள்.

முதல் வகுப்பிலேயே கேட்டாள், குட்டையில் ஒருவன் முழுகினால் என்ன செய்வீர்கள் என்று. பத்தாம் வகுப்பு நிதின் எழுந்து நின்றான். ஏரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துகிறவன், ஆளும் வாட்டசாட்டம்.

"குதிச்சி, முடியப் புடிச்சி இழுத்தாந்துடுவேன்கா."

"நல்லா குதி கண்ணு. ஒரே டிரிப்புல ரெண்டு பேரையும் ஏத்திக்கினு போறேன். டீசல் மிச்சம்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாடத்தை மண்டையில் ஏற்றிவிட்டாள். கூவு, நீட்டு, எறி. குதிக்காத. ஆள் வரக் கூவு, ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு. கொம்பு, துப்பட்டா, எது கிடைத்தாலும் நீட்டு. எட்டவில்லையா, மூடி போட்ட காலித் தண்ணீர் கேனில் கயிறு கட்டி எறி. எறிகிறவன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மாமரத்தில். தண்ணீருக்குள் மட்டும் இறங்கவே கூடாது.

பழகுவதற்குத் தன் தோப்புக் குட்டையைக் கொடுத்தவர் கங்கையா. சும்மா கொடுக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

"தண்ணி கிட்டயே போவாதன்னு சொல்றத உட்டுட்டு, கேன் வீசக் கத்துக் குடுக்கிறியேம்மா. இது இன்னா வேல?"

"போவாதன்னா போவாத புள்ளைங்க உங்கூட்ல இருக்குதா மாமா?"

கங்கையாவுக்கு நான்கு பேரன்கள்.

பிள்ளைகள் பழகிய வேகத்தைப் பார்த்து சுலோசனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு காவ்யா ஒல்லிக்குச்சி. ஆனால் கேனை எறிந்தால் மிதக்கவிட்ட வைக்கோல் மூட்டையைத் தாண்டிப் போய் விழும், கயிறு மூட்டையின் மேலேயே படியும். அவள் கூட்டாளி ரூபா கட்டுப்போட்டால் பெரியாஸ்பத்திரி நர்ஸே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். வண்டியில் போகும்போதெல்லாம் சுலோசனா டிரைவரிடம் இந்தப் பெருமையையே பேசிக் காதைத் துளைத்தாள்.

ஆனியில் மாங்காய்ப் பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தணிகாசலம் லோடு ஏற்றிக்கொண்டு பங்காருபாளையம் மண்டிக்குப் போய்விட்டான். வீட்டில் ஆளில்லாததால் எட்டு வயது மகள் ஹரிதாவையும் வகுப்புக்கு அழைத்து வந்திருந்தாள் சுலோசனா. ஒரு மாம்பழத்தைக் கையில் கொடுத்து, மரத்தடியை விட்டு நகராதே என்று மிரட்டி உட்கார வைத்தாள். அன்று பாடம், முறிந்த கைக்குக் கட்டுப்போடுவது. நிதின் கையில் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ரூபா கட்டிக்கொண்டிருந்தாள்.

ஹரிதா பழத்தைத் தின்று முடித்தாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. கழுவிக்கொள்ளப் பக்கத்திலேயே குட்டைத் தண்ணீர் இருந்தது.

சத்தமே வரவில்லை. முழுகுகிறவர்கள் கத்த மாட்டார்கள் என்று சுலோசனாவே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். முதலில் பார்த்தது காவ்யா.

"அக்கா, தண்ணில ஆளு."

சுலோசனா திரும்பினாள். குட்டை நடுவில் மஞ்சள் கவுன் ஒன்று உப்பி எழுந்தது, ஒரு சின்னக் கை மேலே வந்து உள்ளே போனது. நகரி பஜாரில் அவளே பேரம் பேசி வாங்கிய கவுன்.

அதற்குப் பிறகு அவள் இ.எம்.டி.யும் இல்லை, டீச்சரும் இல்லை. கூவவில்லை, நீட்டவில்லை, கேன் இருக்கும் பக்கம் திரும்பக்கூட இல்லை. செருப்பை உதறிவிட்டு நேராகக் குட்டையைப் பார்த்து ஓடினாள். அவளுக்குத் தெரிந்த நீச்சல், பாவாடை கட்டிய வயதில் கிணற்றில் பழகியதோடு சரி. ஷீட்டின் விளிம்பை மிதிக்கப் போகிற நேரத்தில், பின்னாலிருந்து ஏதோ இடித்துக் குப்புறத் தள்ளியது. முதுகில் ரூபா. கால்கள் இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு, செய்தித்தாள் கட்டுப்போட்ட கையோடு, நிதின்.

"உடுங்கடா. எம் பொண்ணுடா அது."

"தெரியும்கா," என்றான் நிதின். அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதான் உட மாட்டோம்."

சுலோசனா கடித்தாள், உதைத்தாள். இன்றைக்கும் ரூபாவின் மணிக்கட்டில் அந்தப் பல் தடம் இருக்கிறது.

காவ்யா அதற்குள் இடுப்புக் கயிற்றை மாட்டி, கேனோடு விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதல் எறி கோணலாகப் போனது. சுலோசனாவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். காவ்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டி இழுத்து மறுபடி எறிந்தாள். கேன் மஞ்சள் கவுனைத் தாண்டி விழுந்தது, கயிறு தோளில் படிந்தது.

"ஹரிதா, கேன கட்டிப்புடி. பொம்மையக் கட்டிப்புடிக்கிற மாதிரி."

சின்னக் கைகள் கேனைக் கட்டிக்கொண்டன. ஷீட்டின் மேல் வழுக்கி வழுக்கி, ஒரு மூட்டையைப் போல, குழந்தை கரை சேர்ந்தாள். இருமினாள். மாம்பழமும் தண்ணீருமாகக் கக்கினாள். பிறகு ஊரே கேட்க அழுதாள். அப்படி ஒரு இனிமையான அழுகையை அந்தத் தோப்பில் யாரும் கேட்டதில்லை.

"ஏமைந்தி, ஏமைந்தி?" என்னாச்சு என்று தெலுங்கில் பதறிக்கொண்டு வந்தார் கங்கையா. குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றப் போனார். சுற்றினால் குடித்த தண்ணீரெல்லாம் இறங்கிவிடும் என்பது இங்கே எல்லோருடைய நினைப்பு. ரூபா சுலோசனாவின் முதுகிலிருந்து குதித்து நடுவில் போய் நின்றாள்.

"தொடாதீங்க தாத்தா. மூச்சு வருது. ஒருக்களிச்சிப் படுக்க வெக்கணும். உங்க துண்டக் குடுங்க, ஈரத்தத் தொடைக்கணும்."

கங்கையா துண்டை மட்டுமல்ல, கட்டியிருந்த வேட்டியைத் தவிர எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக இருந்தார்.

வண்டி வந்தது, அவளுடைய அதே வண்டி. ஆனால் அன்று சுலோசனா உட்கார்ந்தது நோயாளியோடு வருகிறவர்களுக்கான ஓரத்து இருக்கையில். நெஞ்சில் தண்ணீர் போயிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை ஹரிதா கண் விழித்ததும் பிரியாணி கேட்டாள். மண்டியிலிருந்து ஓடி வந்திருந்த தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, காலையில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தேடிப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கூட்டம் தாங்கவில்லை. கங்கையா தம் நான்கு பேரன்களையும் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டுக் குட்டையைச் சுற்றி வேலி போட ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். சுலோசனாவுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காவ்யா எழுந்தாள்.

"அக்கா, நம்ம பாடத்துல ஒரு வேல விட்டுப்போச்சி. கேன் எறிய ஒருத்தி, போன் பண்ண ஒருத்தர்னு வெச்சிருக்கிறோம். முழுகிறவங்க வூட்டு மனுசங்கள யாரு புடிச்சிக்கிறது? அதுக்கு மொதல்லயே ரெண்டு பேர நிறுத்தணும்கா."

சுலோசனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷம் வண்டியில் ஓடியவளுக்குத் தோன்றவில்லையே என்று காவ்யாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். உடனே பழகிப் பார்ப்போம் என்றாள். வைக்கோல் மூட்டையைத் தண்ணீரில் விட்டார்கள். ரூபாவும் நிதினும் பிடிக்கிற ஆட்கள். அம்மாவாக நடிக்க யார் என்று அவள் கேட்டதும் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள்.

சிரித்துக்கொண்டேதான் போய் நின்றாள். காவ்யா விசில் அடித்தாள். சும்மா நாலு அடி ஓடிக் காட்டலாம் என்று நினைத்தவள், மிதக்கும் மூட்டையைக் கண்டதும் நிஜமாகவே ஓடினாள். ரூபா இடுப்பைப் பிடித்தாள், நிதின் கால்களைக் கட்டிக்கொண்டான். ஹரிதா கரையில் நின்று கைதட்டுவது கண்ணில் தெரிந்தும் சுலோசனாவால் நிறுத்த முடியவில்லை. திமிறினாள். உடுங்கடா உடுங்கடா என்று கத்தினாள். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.