பாவு தீரும் வரை

1972, ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு தறிகள் ஓடின. சேலைகளை எடுத்துக்கொண்டு கணவர் ஊர் ஊராகப் போய்விடுவார். தறிகளை நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்கு வயது முப்பது, வாய் கொஞ்சம் நீளம்.

நெசவாளர்கள் நால்வரில் ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருகிற அண்ணன்தான் கெட்டிக்காரர். அவர் நெய்த சேலையைக் கடைக்காரர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். அவரை வேறொரு முதலாளி கூப்பிடுகிறார் என்று காதில் விழுந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனசு அங்கே போய்விட்டால் கை இங்கே ஓடுமா? தினமும் அவர் வீட்டுக்குப் போனதும், அதுவரை நெய்ததற்கு அடையாளமாகச் சேலை ஓரத்தில் ஒரு வெள்ளை நூலை முடிந்துவைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், நெசவு வளர்வதற்குப் பதில் ஒரு சாண் குறைந்திருந்தது. என் வெள்ளை நூல் தறிக்கட்டையில் தொங்கியது. ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய சேலை அது. "போற எண்ணம் இருந்தா போயிடுங்கண்ணே. உக்காந்துக்கினு ஏமாத்தாதீங்க" என்று மற்ற மூவர் முன்னால் கத்திவிட்டேன். அவர் குனிந்து மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

அவர் போன பிறகு பக்கத்துத் தறிக்காரர் குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய இரண்டு தார்க்குச்சிகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாயம் ஒன்றுபோல் இல்லை. முதலில் வாங்கிய பட்டு போதாமல், மறுபடி சாயம் போட்டு வாங்கிக் கலந்து கொடுத்தவள் நான்தான். "அப்டியே நெய்ஞ்சா பட்டை பட்டையா தெரியும்னு பிரிச்சாரும்மா. உங்க தப்ப சொல்லிக்காட்ட வாணாம்னு சும்மா இருந்துட்டாரு" என்றார்.

அன்று தொடங்கியது படபடப்பு. தறியில் நெடுக்கே கட்டிய பாவு நூல் மீதி இருக்கும்போது எங்கள் ஊர் நெசவாளி விட்டுப் போகமாட்டார். பாவு தீர்ந்துவிட்டால் போகிறவரை நிறுத்த முடியாது. அவர் பாவில் ஒன்றரைச் சேலைக்குத்தான் நீளம் பாக்கி. பாவு சுற்றிய உருளையைத் தினமும் போய்ப் பார்ப்பேன், இளைத்துக்கொண்டே வந்தது. இன்று மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போவேன். மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்ததும், "தண்ணி வேணுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். பாழாய்ப்போன கௌரவம். ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் நிறுத்தி, தப்பு என்னுடையதுதான் என்றேன்.

"திட்னது உள்ள. இங்க வந்து சொல்றீங்களேமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த காலையில்தான் எனக்குத் துணிவு வந்தது. மூவர் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் இளகிவிட்டது. "நேத்துதாம்மா அங்க வாக்கு குடுத்தேன். ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் உடனே கிளம்பவில்லை. அடுத்து வருகிறவர் உட்கார்ந்ததும் நெய்ய வேண்டுமென்று, புதுப்பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்தார். மறுநாளும் வந்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது என்பார்கள். ஆனாலும் இப்போதெல்லாம் கொட்டிய இடத்திலேயே, அதே ஆட்கள் முன்னாலேயே குனிந்து அள்ளப் பார்க்கிறேன், ஏனென்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போதெல்லாம் இளைத்துக்கொண்டே வந்த அந்தப் பாவு உருளை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.